தாழிக்கு மேல் ஒரு கண்ணாடித் தரை

போன வருஷம் தை மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் புறப்பட்டோம். நான், இவர், இரண்டு குழந்தைகள், என் மாமியார். காரில் ஏறியது முதல் ஒரே பேச்சு, ஊரிலுள்ள எங்கள் பழைய வீட்டைப் பற்றித்தான். இடம் போதவில்லை. மழை வந்தால் சமையற்கட்டு ஒழுகுகிறது. "மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா கட்டிருவோம்" என்றார் இவர். அத்தை வாயே திறக்கவில்லை. மணப்பெண்ணாக அவர்கள் வந்து இறங்கிய வீடல்லவா அது!

வழியில், திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டரில், ஆதிச்சநல்லூரில் இறங்கினோம். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் மேட்டு நிலம். பரம்பு என்கிறார்கள். முன்னோர்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம்.

1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டிக் கண்டவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல, இரும்புச் சாமான்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஊருக்கு மிஞ்சியது வெறும் குழிதான்.

இப்போது முறை வேறு. 2023 ஆகஸ்டில் திறந்த அருங்காட்சியகத்தில், தாழிகளை எடுக்காமல் குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். "உடைஞ்சிருமாம்மா?" என்று சின்னவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். காலுக்குக் கீழே தாழிகள், பக்கத்தில் சின்னச் சின்னப் பானைகள். ரீ கண்ட பானைகளில் நெல் உமியும் இருந்தது. போகிறவர் பசியோடு போகக் கூடாதென்று யாரோ ஒரு தாய் வைத்தாளோ என்னவோ! என் கண் கலங்கிவிட்டது.

அத்தை குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "இருந்த இடத்துலேயே வச்சுக் காப்பாத்திருக்காவ பாத்தியா தாயி. நம்ம வீட்டுக்கும் இப்படி ஒரு வழி இருக்காதா?" என்றார்கள். இவர் பதில் சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் கொத்தனாரைக் கூட்டி வந்தார்.

ஒழுகலுக்குக் காரணம் உடைந்த ஓடுகளும் உளுத்த சட்டங்களும்தான். அவற்றை மட்டும் மாற்றினோம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் மறுபடி சுண்ணாம்பே பூசினார்கள். பின்பக்கம் இரண்டு அறையும் சமையற்கட்டும் புதிதாகச் சேர்த்தோம். புது அஸ்திவாரம் சிறிது இறங்கும், ஒட்டிக் கட்டினால் விரிசல் விடும் என்று, பழைய சுவரோடு பிணைக்காமல் நடுவே சிறு இடைவெளி விட்டார் கொத்தனார்.

சகோதரிகளே, திருச்செந்தூர் போகும்போது ஆதிச்சநல்லூரையும் எட்டிப் பாருங்கள். வெயில் கடுமை. குழந்தைகளுக்குக் குடையும் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இன்று புதுச் சமையற்கட்டில் நான் சோறு வடிக்க, பழைய முற்றத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள் அத்தை.