ஒரே வாரத்துல ஒரு தேசிய சாம்பியன்ஷிப்!

லேசா தூறல் போட்டாலே, 'கிரவுண்டு சேறா இருக்கு மச்சி'ன்னு மேட்ச்சைத் தள்ளிப்போடுற ஆளா நீங்க? அப்போ ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு வாங்க, கிரீன்லாந்து வரைக்கும் போயிட்டு வரலாம். (மேப்லதான் பாஸ்! நிஜ டிக்கெட்டுக்கு முதல்ல நான் அரியரை க்ளியர் பண்ணி, வேலைக்குப் போகணும்!)

பேருலதான் 'கிரீன்'. நிலத்துல சுமார் 80 சதவிகிதம் பனிதான். மக்கள்தொகை ஏறக்குறைய 57,000. ஊருக்கு ஊர் ரோடு கிடையாது. படகுலயோ விமானத்துலயோதான் போகணும்.

ஆனா, அங்கே ஃபுட்பால்னா உயிர்! பனி உருகுற சில மாசம்தான் வெளியே ஆட முடியும். ஊர் ஊராப் போய் லீக் ஆடுறதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால, ஏரியாவாரியா ஜெயிச்ச டீம்கள் கோடையில ஒரே ஊர்ல கூடி, சுமார் ஒரு வாரத்துல தேசிய சாம்பியன்ஷிப்பையே முடிச்சிடுவாங்க. தலைநகர் நூக்ல மைதானத்தை ஒட்டி பாறைகள் இருக்கு. ரசிகர்களுக்கு அதுதான் கேலரி!

அந்தக் குளிருக்கு மைதானத்துல புல் நிக்காது. ரொம்ப வருஷம் மண்ணு, சரளைக்கல்லுலதான் ஆட்டம். விழுந்தா முட்டி காலி! 2010-லதான் தெற்கே காகொர்தொக் ஊருக்கு செயற்கைப் புல் மைதானம் வந்துச்சு.

இவ்வளவு பண்ணியும் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றுல கூட ஆட முடியாதுங்கறதுதான் சோகம். இதே டென்மார்க் ஆட்சிக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகள் 1988-லயே ஃபிஃபாவுல சேர்ந்துடுச்சு. 1990-ல ஆஸ்திரியாவையே 1-0ன்னு சாய்ச்சுது. அதுக்கப்புறம் ஐரோப்பிய சங்கம், ஐ.நா. அங்கீகரிச்ச நாடுகளுக்கு மட்டும்தான் இடம்னு கதவைச் சாத்திடுச்சு. சரி, பக்கத்து வாசலைத் தட்டுவோம்னு 2024-ல வட, மத்திய அமெரிக்க, கரீபியன் சங்கமான கான்ககாஃப்ல விண்ணப்பிச்சாங்க. 2025-ல அங்கேயும் 'நோ'!

அந்த ஊர் மக்கள் கிட்ட ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. ராத்திரி வானத்துல ஆடுற வடதுருவ ஒளி இருக்கே... அது இறந்துபோனவங்க ஒரு வால்ரஸ் மண்டையோட்டைப் பந்தா உதைச்சு விளையாடுறதாம்! அந்த ஆட்டத்துக்கு எந்தச் சங்கத்தோட பர்மிஷனும் வேண்டாம்.

ஸோ ஃப்ரெண்ட்ஸ்... ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. மழை வந்தாலும் கிரவுண்டுக்கு வந்துடுங்க!