வரதய்யபாளையத்துப் பரிசோதனைக்கூடம்

தடாவிலிருந்து காளஹஸ்திக்குச் செல்லும் சாலையில் உள்ள வரதய்யபாளையம், 2022-ஆம் ஆண்டு வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இப்போது திருப்பதி ஜில்லாவில் அடங்கிய ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அந்த எல்லைப் பிரதேசத்தில், கழனியில் உழைப்போரும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும் காய்ச்சல் கண்டால் நாடி வரும் சிறு பரிசோதனைக்கூடம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அங்கே பணிபுரியும் பெண்மணியை எல்லோரும் 'அக்கா' என்றே அழைக்கிறார்கள். "கையை இறுக்கி மூடுங்க தாத்தா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று முதியவரைத் தேற்றிக்கொண்டே இரத்தம் எடுத்து முடித்தவர், ஊசிக்கு மறுபடி மூடி போடாமல், வெட்டும் கருவியில் அதன் முனையைத் துண்டித்து, துளைபடாத வெள்ளை டப்பாவில் சேர்ந்ததைக் கண்ணால் உறுதி செய்த பின்னரே அடுத்தவரை அழைத்தார். மூடி போடும் அந்த ஒரு கணத்தில்தான் எத்தனையோ விரல்களில் ஊசி ஏறியிருக்கிறது. இரத்தக் குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் முற்றிலும் நிற்கும்வரை அவர் மூடியைத் தொடவில்லை. "உள்ளே குழாய் உடைஞ்சிருந்தா, கண்ணுக்குத் தெரியாத துளியெல்லாம் மூச்சோட போயிடும் சார்" என்றார்.

1882-இல் ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது முதல், சளியை ஸ்லைடில் பரப்பிச் சாயமேற்றிப் பார்க்கும் வேலை இத்தகைய எளிய மேஜைகளில்தான் நடந்து வருகிறது. கண்டுபிடித்தவரின் கீர்த்தி உலகறிந்தது. அதே கிருமியின் சுவாச தூரத்தில் அன்றாடம் அமர்ந்திருப்போரை யாரும் அறிவதில்லை. நம் பிரதேசத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிய வந்தது. அந்த மாதிரிகளை நிர்மலா கையுறையும் இன்றி எடுத்து, தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். அந்தத் துணிவை வணங்குகிறேன். ஆயினும் ஊழியரின் துணிவையே முதலாக வைத்து ஒரு தேசம் தன் வைத்தியத்தை நடத்துவது தர்மமாகாது.

அதனை உணர்ந்தே, 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவைப் பிரிக்கச் சொல்வதோடு நில்லாமல், ஊழியருக்குப் பயிற்சியும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் அளிக்க வேண்டும் என்று நிர்வாகத்தையே பொறுப்பாக்குகின்றன. தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்றுதான். தடுப்பூசி பெறாதவருக்கு ஹெபடைடிஸ்-பி பரவும் வாய்ப்போ நூற்றில் முப்பது வரை எட்டக்கூடும். மூன்று தவணைத் தடுப்பூசியால் பெரும்பாலும் விலக்கக்கூடிய ஆபத்து இது.

அக்காவுக்குத் துணையாக வேலை கற்கும் இளைஞர், முன்பு வேறோர் ஊரில் பணியாற்றியபோது ஊசி குத்தியதை யாரிடமும் சொல்லவில்லை என்றார். "சொன்னா திட்டுவாங்கன்னு பயம் சார்." எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்ற அளவு விரைவாக, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த அரிய நேரத்தை அச்சம் விழுங்கிவிடுகிறது. இப்போதோ, "குத்தினா உடனே சோப்புப் போட்டுக் கழுவு, என்கிட்ட சொல்லு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று அக்கா அவருக்கு முதல் நாளே சொல்லி வைத்திருக்கிறார்.

ஜாக்கிரதையைப் பற்றிய ஞானம் இவர்களிடம் குறைவில்லை. காலையில் வரிசை நீள, கையிருப்புக் கையுறை குறைய, "சீக்கிரம் ரிசல்ட்" என்று வெளியே குரல் உயர உயரத்தான் அந்த ஞானம் தளர்கிறது. ஆகையால், பாதுகாப்பை ஊழியரின் சிரத்தைக்கு மட்டும் விட்டுவிடாமல், தடுப்பூசி போடப்பட்டதா, ஊசி வெட்டும் கருவி இயங்குகிறதா, கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் கரைசல் அன்றன்று புதிதாகக் கலக்கப்படுகிறதா, காயத்தைச் சொன்னவர் கண்டிக்கப்படாமல் சிகிச்சை பெறுகிறாரா என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு நிர்வாகமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியாக வரிசையில் நிற்கும் நாமும், ஊழியர் கையுறை மாற்றும் நேரத்துக்குப் பொறுமை காக்கக் கடமைப்பட்டவர்கள்.