டர்போவைக் கூட்டுமுன்

பிழைப்பைத் தேடி மும்பைப் பக்கம் வந்த தமிழர்களுள் லாரித் தொழிலை நம்பி வாழ்வோர் பலர். சொந்த லாரி வைத்திருப்பவருக்கு அதன் எஞ்சினே நிலபுலன். அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும். களம்போலியில் லாரிப் பட்டறை நடத்தும் எனக்கு அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "அண்ணே, மலையேறும்போது வண்டி இழுக்கவில்லை, டர்போவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்பார்கள். சிறிய வேலைதான். ஆனால் அதை எப்போது செய்யலாம், எப்போது செய்யலாகாது என்பதை லாரி உடையவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

டர்போ பழைய கண்டுபிடிப்பு. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. லாரி டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுவரை சுழலக்கூடியது. அழுத்தம் எல்லை மீறாதபடி காக்க, பல டர்போக்களில் வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு உண்டு. உரிய அழுத்தம் வந்ததும், ஆக்சுவேட்டர் என்னும் குப்பிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, ஒரு கம்பி நகர்ந்து, அக்கதவைத் திறக்கும். மிகுதிப் புகை சக்கரத்தைத் தொடாமல் வெளியேறிவிடும். அக்கம்பியின் நீளத்தைக் குறைத்தால் கதவு தாமதித்துத் திறக்கும், அழுத்தம் கூடும். கூட்டுவது என்பது இவ்வளவே. வேஸ்ட்கேட் இல்லாத பழைய டர்போக்களில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. வலிமையைத் தருவது டீசல். காற்று அந்த டீசலை முழுமையாக எரியச் செய்கிறது. கரும்புகை வந்தால், உள்ளே செல்லும் டீசலுக்குப் போதிய காற்று இல்லை என்று பொருள். அந்தக் காற்று எங்கே போயிற்று என்பதே முதற்கேள்வி.

சென்ற ஆண்டு நாமக்கல் பக்கத்து நண்பர் ஒருவர் தம் பழைய ஆறு சிலிண்டர் லாரியுடன் வந்தார். கோபோலியிலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் மலைப்பாதையில், பாரத்துடன் வண்டி திணறிக் கரும்புகை கக்கியது. சரக்கு தாமதமாகி வாடகை குறைந்தது. வங்கித் தவணை இரண்டு பாக்கி. மகளின் கல்லூரிக் கட்டணம் எதிரே நின்றது. "இன்றே கூட்டிவிடுங்கள் அண்ணே" என்றார். "தம்பி, முதலில் அளந்து பார்ப்போம்" என்றேன். அளவுமானியைப் பொருத்தி, பாரத்துடன் ஏற்றத்தில் ஓட்டினோம். பதினெட்டுப் பவுண்டு காட்ட வேண்டிய இடத்தில் முள் ஒன்பதைத் தாண்டவில்லை.

சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலவே இதையும் பார்த்தோம். டர்போவின் வாயை அடைத்து, பட்டறைக் காற்றை மெல்லச் செலுத்தி, குழாய்களின் மீது சோப்பு நீரைப் பூசினோம். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நுரை பொங்கியது. விரல் நகம் அளவு வெடிப்பு. குழாயை மாற்றினோம், தூசி அடைத்திருந்த ஏர் ஃபில்டரையும் மாற்றினோம். மறுமுறை ஏறும்போது முள் பதினெட்டில் நின்றது; புகையும் தெளிந்தது. கம்பியைத் தொடவே இல்லை. வெடிப்போடு கம்பியைத் திருகியிருந்தால், இழந்த காற்றை ஈடுசெய்ய டர்போ வரம்பு மீறிச் சுழன்று தன் பேரிங்கையே தின்றிருக்கும். அச்செலவு நண்பரின் பல மாதத் தவணைக்கு ஒப்பாகும்.

கசிவும் அடைப்பும் இல்லை, வேஸ்ட்கேட் கதவும் ஒழுங்காக மூடுகிறது. ஆயினும் தயாரிப்பாளர் குறித்த அழுத்தம் வரவில்லை என்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அப்போது கூட்டுவது நியாயம். கைப்பம்பினால் ஆக்சுவேட்டருக்குக் காற்றுக் கொடுத்து, எந்த அழுத்தத்தில் கம்பி நகரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய நீளத்தையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு கம்பியின் முனையை அரைச்சுற்று மட்டும் திருகி, பூட்டு நட்டை இறுக்கி, பாரத்துடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறித்த அளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். புகைக்குழாயில், டர்போவுக்கு முன்பாக, வெப்பமானி பொருத்தினால் இன்னும் நலம். நீண்ட ஏற்றத்தில் அது 700 டிகிரி செல்சியசை நெருங்கினால் காலைத் தளர்த்த வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் விலை கொடுக்கும்.

மலையேறி நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள்; ஓடும் எண்ணெய் டர்போவின் பேரிங்கைக் குளிர்விக்கும். 2020-ஆம் ஆண்டிற்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டிகளில் அழுத்தத்தை ஆள்வது மின்னணுக் கருவி. அங்கே ஸ்பானருக்கு வேலையில்லை. பழைய வண்டியோ நம் கைக்கு இணங்கும். இணங்குகிறதே என்று அதை வருத்தாமல், முதலில் பத்து ரூபாய்ச் சோப்பைக் கரைத்துப் பாருங்கள். குறை அதிலேயே தெரிந்துவிட்டால், மிச்சமாகும் பணம் வீடு சேரும்.