ஒன்பதாயிரம் பேர் எங்கே போனார்கள்?



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பரிடம், "கம்ப்யூட்டர் பற்றி எழுதட்டுமா, கருப்பட்டி பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "பக்கம் நிரம்பினால் சரி" என்று சொல்லிப் போய்விட்டார். எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். என் அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர். பனங்கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி வாங்கிப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். போன கோடை விடுமுறையில், "நான் ஒரு வெப்சைட் போட்டுத் தாரேன், உலகம் பூரா வித்துரலாம்" என்று வாய் விட்டேன். குழுச் சேமிப்பிலிருந்து 2,200 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான் என்பதால், கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்வது அவர்களுக்கு வேதவாக்கு. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

சைட் வந்து மூன்று வாரம் ஆனதும், இடம் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் பேனலைத் திறந்தேன். "ஹிட்ஸ் 9,640" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை! அம்மாவிடம் ஓடினேன். அம்மா வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். "ஒம்பதாயிரம் பேரு பாத்துருக்காவ!" அவ்வளவுதான், குழுவிலேயே உள்கடன் எடுத்துக் கூடுதலாக 60 கிலோ கருப்பட்டி வாங்கிவிட்டார்கள். கிலோ 280 ரூபாய். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு வந்த போன் எத்தனை? இரண்டு! அதில் ஒன்று, எங்களுக்குக் கடன் வேண்டுமா என்று கேட்டு வந்தது.

ஆகஸ்டு போய்ச் செப்டம்பரும் வந்தது. ஐப்பசி மழை தொடங்கினால் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசிய ஆரம்பிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மா ஒருநாள் பானையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏட்டி, அந்த ஒம்பதாயிரம் பேரும் எங்கட்டி போனாவ?"

பதில் என்னிடம் இல்லை.

மறுநாள் லேப் சாரிடம் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். "ஹிட்டுன்னா ஆள் இல்லம்மா. சர்வர்கிட்ட ஒரு ஃபைல் கேட்டா அது ஒரு ஹிட்டு. உன் பக்கத்துல எத்தனை படம்?" என்றார். பதினான்கு படம். அதோடு பக்கம் ஒன்று, ஸ்டைல் ஃபைல் ஒன்று, ஸ்கிரிப்ட் ஒன்று. ஆக ஒருவர் ஒருமுறை திறந்தாலே 17 ஹிட்! "லாக்கை இறக்கிப் பாரு. வந்தவன் போனவன் எல்லாம் அதுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவான்" என்று அனுப்பிவைத்தார்.

லாக் ஃபைல் என்பது வேறொன்றும் இல்லை, ஒரு நீண்ட வருகைப் பதிவேடு. எந்த ஐ.பி. முகவரி, எத்தனை மணிக்கு, எந்த ஃபைலைக் கேட்டது, கிடைத்ததா (200) இல்லையா (404), கேட்டது எந்த பிரவுசர் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. அந்த 9,640 வரிகளையும் எக்செல்லில் போட்டு இரண்டு இரவு உட்கார்ந்தேன். முதலில் தேடுபொறிகளின் ரோபோக்கள். கூகுள்பாட், பிங்பாட் என்று பெயரைச் சொல்லிக்கொண்டே வருகின்றன, அவை நல்ல பிள்ளைகள். இன்னும் சில இருக்கின்றன: எங்கள் சைட் வேர்ட்பிரஸ்ஸில் செய்ததே இல்லை, ஆனாலும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்டுக் கேட்டு 404 வாங்கிப் போயிருக்கின்றன. ராத்திரி தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பூட்டாக ஆட்டிப் பார்க்கிற ஆட்கள் மாதிரி! இப்படி இயந்திரங்கள் போட்ட வரிகள் மட்டும் 3,102.

மீதி 6,538. அதில் பெரும் பங்கு யார் தெரியுமா? அடியேன்தான்! நிறம் மாற்றிவிட்டு ஒருமுறை, எழுத்து மாற்றிவிட்டு ஒருமுறை, சும்மா அழகு பார்க்க ஒருமுறை என்று திறந்து திறந்து, கல்லூரி லேப்பில் தோழிகளிடமும் காட்டி, 4,498 வரி. மொபைல் டேட்டாவில் ஐ.பி. மாறிக்கொண்டே இருப்பதால், என் போன் மாடலையும் நேரத்தையும் வைத்துத்தான் என் வரிகளைப் பிடித்தேன். கடைசியில் நின்றது 2,040. பதினேழால் வகுத்தால் 120 முறை பக்கம் திறந்திருக்கிறது. இதுவும் தோராயம்தான், ஒருமுறை பார்த்தவர் போனில் படம் தங்கிவிட்டால் அடுத்த முறை சர்வரிடம் கேட்காது. வேறு வேறு ஆட்கள் என்று எண்ணிப் பார்த்தால்... முப்பத்தொன்று.

ஒன்பதாயிரம் எங்கே, முப்பத்தொன்று எங்கே! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானே போனேன். தப்பு என்னுடையது, எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டேன் என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எதிர்வீட்டுச் சித்தி, "முப்பத்தொரு பேரு நம்ம வாசலுக்கு வந்தா, காப்பி போட்டுக் குடுக்கவே கருப்பட்டி தீந்துருமே! அந்த முப்பத்தொரு பேரும் ஏன் வாங்காமப் போனாவ, அதச் சொல்லு" என்றார். நண்பர்களே, நான் லேப்பில் கேட்காத கேள்வி அது.

திரும்பவும் லாக்கைப் பார்த்தேன். அந்த 31 பேரில் 19 பேர் ஆர்டர் பக்கம் வரை போயிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே போனில் பார்த்தவர்கள். சித்தியின் போனை வாங்கி, வாங்க வருகிறவர் மாதிரி நானே திறந்து பார்த்தேன். படங்கள் வந்து சேர ஒரு யுகம் ஆனது. அழகாக இருக்கட்டும் என்று போன் நம்பரை ஒரு படத்துக்குள் எழுதியிருந்தேன். விரலால் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை! அந்த நம்பரை மனப்பாடம் செய்து டயல் செய்ய யாருக்கு என்ன தலையெழுத்து? அன்றே படங்களைச் சுருக்கி, தொட்டால் போன் போகிற மாதிரி மாற்றினேன்.

இனிமேலாவது சரியாக எண்ணுவோம் என்று கூகுள் அனலிடிக்ஸ் போட உட்கார்ந்தேன். அதிலும் சும்மா விடுமா? ஒரு பழைய பாடத்தைப் பார்த்து அதிலிருந்த கோடை அப்படியே ஒட்டினேன். இரண்டு நாள் பூஜ்யம். பார்த்தால், பாடம் நடத்தியவரின் எண்ணையே ஒட்டியிருக்கிறேன். அதுவும் 'யுஏ' என்று தொடங்கும் பழைய வகை. அந்த வகைக் கணக்குகள் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை வாங்குவதையே நிறுத்திவிட்டன. இப்போதுள்ளவை 'ஜி' என்று தொடங்கும். அதை எடுத்துப் போட்டேன். ரியல்டைம் பக்கத்தில் 'ஒன்று' என்று வந்தது. அந்த ஒன்று நான்! அதே பக்கத்தை லேப்பில் திறந்தால் வரவில்லை. அங்கே விளம்பரத் தடுப்பான் இருந்தது. அது இந்த ஸ்கிரிப்டையும் தடுத்துவிடும். அதாவது லாக்கில் ஆள் அதிகம் தெரியும், அனலிடிக்ஸில் குறைவாகத் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

பிறகு பார்வை எண்ணிக்கை மட்டும் சரியாக இருமடங்கு காட்டியது. கோடை ஹெட்டரிலும் போட்டு, பக்கத்திலும் போட்டிருந்தேன். காலை 9 மணிக்கு வந்தவர் முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு வந்ததாகக் காட்டியது. கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் கிடந்திருக்கிறது. இந்திய நேரத்துக்கு மாற்றினேன். மாற்றியதற்குப் பிறகு வருவதுதான் சரியாகும், பழையது பழையதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல், நேரடி வருகைக் கணக்கிலேயே பெரும்பாலும் விழுகிறார்கள். அதற்கு லிங்க்கின் வாலில் 'யுடிஎம்' என்று ஓர் அடையாளம் ஒட்ட வேண்டும். 2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற கம்பெனியின் பெயர்தான் அந்த எழுத்துகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு ஓர் அடையாளம், பொட்டல ஸ்டிக்கரில் அச்சடித்த கியூஆர் கோடுக்கு வேறோர் அடையாளம் கொடுத்தேன். போன் நம்பரைத் தொட்டால் அதுவும் பதிவாகும்படி செய்தேன்.

டிசம்பர் வரை வாட்ஸ்அப் வழி வந்தவை 83, அதில் நம்பரைத் தொட்டவர்கள் 5. ஸ்டிக்கர் வழி வந்தவை 46, தொட்டவர்கள் 14! ஏற்கெனவே தின்று பார்த்தவர்கள்தான் திரும்ப வருகிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, "இதக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேணுமாக்கும்?" என்றார்கள். இருந்தாலும் ஸ்டிக்கரைப் பெரிதாக அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மழையில் 6 கிலோ கசிந்துபோனது. அதைக் காப்பிக்கும் பணியாரத்துக்கும் வீட்டுக்கு வீடு எடுத்துக்கொண்டார்கள். உள்கடனில் இன்னும் ஒரு தவணை பாக்கி. இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கேட்கிறார்கள்: "இந்த வாரம் எத்தன பேரு? நீ பாத்ததக் கழிச்சிட்டுச் சொல்லு."

இதை எழுதும்போது கையிருப்பு 11 கிலோ. வேண்டுவோர் இறுதியாண்டு கம்ப்யூட்டர் பிரிவில் என்னைப் பார்க்கலாம். கிலோ 300 ரூபாய். கடன் கிடையாது!