நீல அடிப்பலகை

மணல்பெட்டியில் கவிழ்ந்து கிடந்த மரப்படகை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. வாசலில் பாட்டியிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்தவர் பெட்டியைப் பார்த்தார்.

"படகைத் தொட்டீங்களா சார்?"

கோபமில்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு விரல் ஆழத்துக்கு மணலைத் தோண்டி, படகின் அணியத்தை அதில் புதைத்து, பழையபடி கவிழ்த்தார். அப்புறம்தான் கைபேசியில் படம் எடுத்தார். "படம் எடுக்கறதுக்குள்ள சரி பண்ணிட்டீங்க. எல்லாப் பெரியவங்களும் அப்படித்தான்."

நாகப்பட்டினத்தில், அக்கரைப்பேட்டைப் பாலம் தாண்டி ஒரு வாடகை வீட்டின் பின்கட்டு அது. மனதில் அடிபட்ட குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே சிகிச்சை நடக்கும் அறை. நடத்துபவருக்கு ஐம்பது வயது இருக்கும்; பிள்ளைகளுக்கு அவர் அக்கா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அப்போது நிவாரண முகாமில் சாப்பாடு பரிமாறப் போன அக்கா, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் நடத்திய பயிற்சியில் போய் உட்கார்ந்தார். "உட்கார்ந்தவ எந்திரிக்கவே இல்லை" என்று சிரிக்கிறார். இப்போது வரும் பிள்ளைகள் அந்த அலைக்குப் பிறகு பிறந்தவர்கள். வீட்டுக்குள் நடந்த அடிதடி, கண்ணெதிரே நடந்த விபத்து, வெளியே சொல்ல முடியாத வேறு சில.

ஒரு பிள்ளையையும் நான் பார்க்கவில்லை. பார்க்க விடவும் மாட்டார். வேலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் அறையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அலமாரியில் சொப்புச் சாமான், களிமண், துணிப்பொம்மைக் குடும்பம், டாக்டர் செட், போலீஸ் ஜீப், ஆம்புலன்ஸ், டைனோசர், இரண்டு பொம்மைப் போன்கள். பேட்டரியில் ஓடுவது ஒன்றுகூட இல்லை. தானே ஓடும் பொம்மையைப் பிள்ளை வேடிக்கைதான் பார்க்குமாம். ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. போன வாரம் எங்கே இருந்ததோ இந்த வாரமும் அங்கேயே இருந்தாக வேண்டும். உலகமே ஒரு நாளில் கலைந்துபோன பிள்ளைக்கு, கலையாத ஒரு அலமாரியாவது வேண்டாமா?

மணல்பெட்டிக்கு வருகிறேன். லண்டனில் 1920களின் கடைசியில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் தன் சிகிச்சைக்கூடத்தில் மணல் தட்டும் சின்னச் சின்னப் பொம்மைகளும் வைத்தார். எச். ஜி. வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் உட்கார்ந்து ஆடிய ஆட்டங்களைப் பற்றி 1911இல் எழுதிய புத்தகம் லோவன்ஃபெல்டுக்குத் தூண்டுதல். மணலில் அமைத்ததை 'உலகம்' என்று அழைத்தவர்கள் குழந்தைகள்தான். அவரிடம் கற்ற சுவிட்சர்லாந்துக்காரர் டோரா கால்ஃப், பெட்டிக்கு ஓர் அளவு வைத்தார். சுமார் 72 செ.மீ. நீளம், 50 அகலம், 7 உயரம். எதிரே உட்கார்ந்தால் தலையைத் திருப்பாமல் முழுதும் கண்ணுக்குள் அடங்கும். அடிப்பலகைக்கு நீலம் பூச வேண்டும். மணலை விலக்கினால் தண்ணீர்.

இங்கே அந்தப் பெட்டியைச் செய்தவர் விசைப்படகு கட்டும் ஆசாரி. மிச்சமான வாகைப் பலகை, படகுக்கு அடித்து மீந்த பெயின்ட். "படகுக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்னு முப்பது வருசம் வேலை செஞ்சேன். தங்கச்சி வந்து, தண்ணி உள்ளேயே இருக்கணும்னாங்க" என்றார் அவர். மணல் மட்டும் கடற்கரையுடையது அல்ல. முதலில் அதைத்தான் அள்ளி வந்தார்களாம். உப்பு ஈரம் இழுத்துக் கையில் ஒட்டியது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம்; ஆனால் ஒரு சிறுமி முகர்ந்து பார்த்துவிட்டு அறையை விட்டே போய்விட்டாள். அன்றிலிருந்து சலித்த ஆற்றுமணல்.

இந்த வேலையில் செய்வதைவிடச் செய்யாமலிருப்பதே அதிகம். அக்கா 'ஏன்' என்று கேட்பதில்லை. பிள்ளை பெயர் சொல்லும்வரை படகைப் படகு என்பதில்லை, 'அது' என்பார். அது சவப்பெட்டியாகவும் இருக்கலாமே. "அது மறுபடியும் கவுந்துடுச்சு" என்று கண்டதை மட்டும் சொல்வார். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நினைவூட்டிவிடுவார். தன்னையோ அக்காவையோ காயப்படுத்தக் கூடாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகள்தான். குழந்தை முன்னே நடக்க நாம் பின்னே போக வேண்டும் என்று 1947இல் விளையாட்டுச் சிகிச்சையாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் எழுதியது இதைத்தான். எழுதுவது சுலபம். அரை நாழிகை பேசாமல் இருந்து பாருங்கள்.

'விளையாட விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகளைக் கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்த வண்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் சந்தித்துவந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், பிள்ளைகள் அந்தக் கடத்தலையே திரும்பத் திரும்ப விளையாடியதையும், அதனால் பயம் தணியாததையும் பதிவு செய்தார். செக்குமாடு போலச் சுற்றும் விளையாட்டு அது. சுற்றுகிறதா, ஓரடியாவது நகர்கிறதா என்று கண்டுபிடிப்பதில்தான் அக்காவின் கைத்திறன் இருக்கிறது.

வாராவாரம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். "நீங்க நிமிர்த்தின படகு ஒன்பது வாரமா கவுந்துதான் கெடக்கு" என்றார். பேர் சொல்லவில்லை, என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை. நானும் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். "ஆனா அந்த மூலையைப் பாத்தீங்களா?"

பெட்டியின் மூலையில், மணல் விலகித் தெரிந்த நீலத்தின் மேல், இன்னொரு படகு நின்றது. கவிழ்ந்த படகைப் பார்த்து அதன் அணியம் திரும்பியிருந்தது. அவ்வளவு நேரமும் என் கண்ணில் அது படவே இல்லை.

"போன வாரம் இது இல்லை" என்றார்.

மாதம் ஒருநாள் அந்தப் பாட்டியையும் உட்கார வைத்துப் பழக்குகிறார். விளையாட்டுச் சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டுத் தொகுப்பும், வீட்டார் சேர்ந்துகொண்டால் பலன் கூடுகிறது என்றே சொன்னது. பாட்டிக்கு அந்தத் தொகுப்பு தெரியாது. "கவுந்ததை எடுத்து வைக்காதேங்குது இந்தப் பொண்ணு. மனசு கேக்கமாட்டேங்குது" என்றார் வாசலில் என்னிடம்.

அக்காவின் சம்பளச் சீட்டில் 'களப்பணியாளர்' என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு.

அடுத்த பிள்ளை வர இன்னும் கால் மணி நேரம். அவர் இரண்டு படகுகளையும் எடுத்துத் துடைத்து அலமாரியில் அதனதன் இடத்தில் வைத்தார். உள்ளங்கையால் மணலைச் சமப்படுத்தினார். நீலம் மறைந்தது.