இரவில் மட்டும் தலைகீழாகும் வரைபடம்

ஒரே தரவு, ஒரே நிரல், இரண்டு கணினிகள். வெளிவந்த வரைபடங்கள் இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன. கருநாடகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில், நெறியாளரின் மேசைமீது அவை அருகருகே கிடந்தன. கன்னடத்தின் ‘மன’ (உள்ளம்), ‘மண’ (பழைய நிறுத்தலளவை) போன்ற சொல்லிணைகளைப் பலரைச் சொல்லச்செய்து பதிந்து, மூக்கொலிக்கு முன்னுள்ள உயிரில் மூன்றாம் ஃபார்மண்ட் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்த ஆய்வு அது. நாவை மடித்து ஒலிக்கும் ணகரத்துக்கு முன் மூன்றாம் ஃபார்மண்ட் தாழும் என்பது ஒலியியல் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. மடிக்கணினியில் வரைந்த படம் அதையே காட்டியது. ஆய்வுக்கூடத்துச் சர்வரில் வரைந்த படத்திலோ ணகரத்தின் பெட்டி மேலேயும் னகரத்தின் பெட்டி கீழேயும் இருந்தன.

மடிக்கணினிப் படம் மூத்த ஆய்வு மாணவியுடையது. சர்வர்ப் படம் முதலாண்டு மாணவனுடையது. பதிவுகளைப் பிராட் மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்து, தானாகக் கணித்த ஃபார்மண்ட் வழிதவறிய இடங்களைக் கையால் திருத்தியவனும் அவனே. ஆகவே கேள்வி அவனிடம்தான் சென்றது. திருத்தும்போது ஏதேனும் மாறிவிட்டதா என்று நெறியாளர் கேட்டார். குரலில் கடுமை இல்லை. அவன் இல்லை என்றான். கையால் திருத்திய தரவைப் பற்றிய இத்தகைய கேள்விக்கு ‘இல்லை’ என்பது ஒருபோதும் முழு விடையாவதில்லை. கேட்டவருக்கும் அது தெரியும், சொன்னவனுக்கும் தெரியும்.

இதற்குள் வேறொன்றும் நிகழ்ந்துவிட்டது. சர்வர்ப் படமே முதலில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததால், கருத்தரங்கச் சுருக்கத்தின் வரைவில் அந்தத் தலைகீழ் முடிவுக்கு விளக்கமும் எழுதப்பட்டிருந்தது. இளைய தலைமுறையினர் நாவை முழுதும் மடிப்பதில்லை, பிறமொழித் தொடர்பால் ஒலிப்பிடம் நகர்கிறது என்று நான்கு வரிகள். படித்தால் பொருத்தமாகவே இருந்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதற்கொரு காரணம் கண்டுவிடுவதில் ஆய்வாளர்கள் தேர்ந்தவர்கள். படம் மாறினால் காரணமும் மாறும். நடை மட்டும் மாறாது.

மூத்தவள் முதலில் செய்தது, தரவுக்கோப்புகள் இரண்டின் எம்டி5 எண்களை ஒப்பிட்டது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இளையவன்மீது விழுந்த ஐயம் நியாயப்படி அப்போதே தீர்ந்திருக்க வேண்டும். இரு கணினிகளிலும் இருப்பது அவன் திருத்திய அதே கோப்புதானே? ஆனால் எண்களின் சான்றைவிடப் படத்தின் சான்று கண்ணுக்கு வலியது, தீரவில்லை.

அடுத்து, வழக்கமாகக் குற்றம் சுமத்தப்படுபவை வரிசையாக விசாரிக்கப்பட்டன. தற்செயல் எண்களைப் பயன்படுத்தும் நிரல் கணினிக்குக் கணினி மாறுவது இயல்பு. அதற்காகவே தொடக்க விதை ஒன்றை நிரலில் குறிக்கிறார்கள். ஆனால் விதையைக் குறித்தாலும் போதாத காலம் ஒன்று உண்டு: 2019-இல் வெளிவந்த ‘ஆர்’ 3.6.0 பதிப்பில் மாதிரி எடுக்கும் முறையே மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பும் பிந்தைய பதிப்பும் ஒரே விதையிலிருந்து வெவ்வேறு மாதிரிகளை எடுக்கும். இங்கே இரு கணினிகளிலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளே இருந்தன. பெட்டி வரைபடத்தில் தற்செயலுக்கு வேலையும் இல்லை. இரு ஒலிகளின் சராசரிகளையும் அச்சிட்டுப் பார்த்தாள். கடைசிப் புள்ளிவரை அதே எண்கள்.

பிறகு சர்வரில் தானே நுழைந்து நிரலை ஓட்டினாள். படம் சரியாக வந்தது. மடிக்கணினிப் படத்தைப் போலவே, ணகரம் கீழே. குற்றவாளி என்று கருதிய கணினி நேரில் கேட்டால் உண்மையைச் சொல்கிறது! ஐயம் மீண்டும் இளையவன் பக்கமே திரும்பக்கூடிய இடம் அது. அப்போது அவன் சொன்னான்: “அக்கா, நான் பகலில் ஓட்டவே இல்லையே. எல்லாம் இரவு வேலையில்தான்.”

அந்த ஆய்வுக்கூடத்தில் நெடுநேரம் எடுக்கும் பணிகளை இரவில் ஓடும்படி கிரான் என்னும் காலக்கணிப்பு நிரலிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம். எல்லாப் பதிவுகளையும் படித்து, மாதிரிகளைப் பொருத்தி, இறுதியில் படத்தையும் வரைந்து வைத்துவிடும். காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். மனிதர் நுழையும்போது சர்வர் அவருக்கென மொழி, நாடு, எழுத்துமுறை முதலிய அமைப்புகளை விரித்துவைக்கிறது. கிரான் நுழையும்போது அவற்றில் பெரும்பாலானவற்றை விரிப்பதில்லை. ‘செஷன்இன்ஃபோ’ என்னும் ஆணையின் வெளியீட்டை இரவுப் பதிவேட்டிலும் பகல் திரையிலும் வைத்து ஒப்பிட்டபோது வேறுபட்டது ஒரு வரி மட்டும். பகலில் லொக்கேல் இந்திய ஆங்கிலம். இரவில் ‘சி’.

‘சி’ என்பது எந்த மொழியின் மரபையும் சாராத லொக்கேல். அதில் அகரவரிசை என்று ஒன்று இல்லை, குறியெண் வரிசைதான் உண்டு. ஆஸ்கி அட்டவணையில் ஆங்கிலப் பேரெழுத்து ‘என்’ 78, சிற்றெழுத்து ‘என்’ 110. ஆகவே பேரெழுத்துகள் அனைத்தும் சிற்றெழுத்துகளுக்கு முன்னே வந்துவிடும். (1963-இல் வெளியான முதல் ஆஸ்கி தரத்தில் சிற்றெழுத்துகளே இல்லை, 1967-இல்தான் அவை சேர்ந்தன. பின்னால் வந்தவை பின்னால் நிற்கின்றன.) ஆங்கில லொக்கேலிலோ அகராதி முறைப்படி சிற்றெழுத்து ‘என்’னும் பேரெழுத்து ‘என்’னும் அடுத்தடுத்து நிற்கும், சிற்றெழுத்து முதலில்.

இந்திய மொழியியலாளர்களுக்கு இது வேறெவரையும்விடக் கூடுதலாகக் கேடு செய்யும். வளைநா ஒலிகளைப் பேரெழுத்தால் குறிப்பது இங்கே பழகிப்போன வழக்கம். சமஸ்கிருதத்தைத் தட்டச்சிடும் ஹார்வர்டு-கியோட்டோ முறையும் அவ்வாறே குறிக்கிறது. மேற்புள்ளி, கீழ்ப்புள்ளி இட வசதியில்லாத விசைப்பலகையில் அதைவிட எளிய வழி இல்லை. அந்த ஆய்வின் தரவிலும் னகரம் சிற்றெழுத்து ‘என்’, ணகரம் பேரெழுத்து ‘என்’. இரண்டு ஒலிகளுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஓர் எழுத்தின் உயரத்தில் நின்றது.

இனி நிகழ்ந்ததை ஊகிப்பது கடினமன்று. வகைகளை எந்த வரிசையில் வைப்பது என்று நிரல் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், ‘ஆர்’ அவற்றைத் தானே வரிசைப்படுத்திக்கொள்ளும். அந்த வரிசை லொக்கேலைப் பொறுத்தது. ‘ஃபேக்டர்’ உருவாக்கும்போதும் அப்படியே, ஜிஜிபிளாட்2 அச்சில் வகைகளை அடுக்கும்போதும் அப்படியே. இதனால் மட்டும் ஒரு தீங்கும் இல்லை. இடப்பக்கப் பெட்டி வலப்பக்கம் போகும், பெயரும் உடன்போகும். ஆனால் அந்த நிரலில் அச்சுக்குரிய பெயர்கள் தனியே, இடவரிசையில் தரப்பட்டிருந்தன: முதலில் ‘பல்லொலி’, அடுத்து ‘வளைநா ஒலி’. இரவில் பெட்டிகள் இடம் மாறின, பெயர்கள் மாறவில்லை. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. இரண்டு வகைகள், இரண்டு பெயர்கள். மென்பொருளின் பார்வையில் கணக்குச் சரி.

சராசரிகளின் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, அதிலும் விடை முதலிலிருந்தே இருந்தது. இரவுப் பட்டியலில் பேரெழுத்து ‘என்’ மேல்வரியில், பகல் பட்டியலில் கீழ்வரியில். எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த கண், வரிகளின் வரிசையைப் பார்க்கவில்லை.

அந்த நிரல் யாருடையது என்று தேடியதில் பயன் கிட்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த நிரல் அது. முதல் வரியில் உள்ள பெயருக்குரியவர் எப்போதோ பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். எழுதியவர் தம் மடிக்கணினியில்தான் எழுதினார், அங்கே அது சரியாகவே ஓடியது. திருத்தம் இரண்டே வரி: வகைகளின் வரிசையை வெளிப்படையாக அறிவிப்பது; பெயர்களை இடத்தால் அல்லாமல் எந்த வகைக்கு எந்தப் பெயர் என்று இணைத்துத் தருவது. லொக்கேலையே நிரலின் தலையில் நிலைப்படுத்திவிடலாம் என்று சிலர் சொல்வர். அது நோயை மறைக்கும். வரிசை ஆய்வின் பகுதியென்றால் ஆய்வாளரே அதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

படத்தோடு இது நின்றால்கூட நல்லூழ் எனலாம். தொடர்போக்கு மாதிரிகளில் வகைகளுள் முதலாவது எதுவோ அதுவே ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும். வரிசை மாறினால் கெழுவின் குறி மாறும், மிகை குறையாகும். அட்டவணையைக் கையால் ஆய்வேட்டுக்குப் பெயர்த்தெழுதும் பழக்கமுள்ளவர், எந்த வகை அடிப்படையானது என்பதை மறுபடி பார்க்காமல் பெயர்த்தால், முடிவே தலைகீழாகிவிடும். முதன்மைக் கூறுப் பகுப்பாய்வின் படம் ஒரு கணினியில் இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பமாக வருவதைப் பலரும் கண்டு திகைத்திருப்பர். அதற்குக் காரணம் வேறு, அது பிழையும் அன்று. கூறுகளின் குறி தன்னிச்சையானது, ‘ஆர்’ மென்பொருளின் வெவ்வேறு கட்டமைப்புகளுக்கிடையிலும் மாறலாம் என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. அங்கே மாறுவது திசை, பொருள் மாறாது. இங்கே பொருளே மாறியது.

தமிழ்த் தரவோடு பணிபுரிவோர் இதைக் கன்னடத்தின் கதையென்றோ ஆங்கில எழுத்தின் கதையென்றோ ஒதுக்கிவிட முடியாது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கி அமைப்பைத் தழுவியது. தேவநாகரியில் எந்த எழுத்துக்கு எந்த இடமோ அதற்கு நேரான இடம் தமிழுக்கும். அதனால் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது, றகரம் ரகரத்தை அடுத்து. நம் நெடுங்கணக்கில் ல, வ, ழ, ள என்று வருவது அங்கே ல, ள, ழ, வ என்று வருகிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆராயும் ஒருவர் தரவில் அந்த எழுத்துகளையே இட்டு, பெயர்களை நெடுங்கணக்கு முறையில் தந்து, இரவு வேலையில் விட்டாரென்றால், ழகரமும் ளகரமும் ஒன்றன் பெயரை மற்றொன்று அணிந்து வரும். தமிழ்நாட்டில் மனிதர்கள் செய்யும் குழப்பத்தைக் கணினியும் செய்துகாட்டும்.

அனைத்துலக ஒலிக்குறிகளைப் பயன்படுத்தியிருந்தால் தப்பியிருக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இந்த இணையைப் பொறுத்தவரை ஆம். வளைநா மூக்கொலியின் குறி எந்த வரிசையிலும் ‘என்’னுக்குப் பின்னேதான் வரும். ஆனால் 2022-இல் ‘ஆர்’ 4.2.0 வருமுன் விண்டோஸ் கணினிகளில் யுடிஎஃப்-8 இயல்பான எழுத்துமுறையாக இல்லை. ஒலிக்குறியும் தமிழெழுத்தும் பட்டியல்களில் கோண அடைப்புக்குள் குறியெண்களாகச் சிதறிவிழுந்ததை அக்காலத்தில் ஆய்வுசெய்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனுபவமே பலரை மீண்டும் பேரெழுத்துப் பழக்கத்துக்குத் துரத்தியது. ஒரு பள்ளத்துக்கு அஞ்சி விலகிய கால் மற்றொன்றில் விழுந்தது.

உறுத்துவது இன்னொன்று. இந்தப் பிழை பிடிபட்டதற்குக் காரணம், வளைநா ஒலிக்கு முன் மூன்றாம் ஃபார்மண்ட் தாழும் என்பது முன்பே தெரிந்திருந்ததுதான். தெரியாத ஒன்றை, இதுவரை எவரும் அளக்காத மொழியொன்றின் வேறுபாட்டை ஆராய்ந்திருந்தால், இரவுப் படத்தை எதிர்க்கப் பாடநூல் இருந்திராது. பகல் படம் ஒன்று வரையப்பட்டிருக்கவும் தேவை இருந்திராது. அந்த நான்கு வரி விளக்கம் அச்சேறியிருக்கும். பிறர் அதை மேற்கோள் காட்டியிருப்பர்.

நெறியாளர் அந்த நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, இளையவனை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும், தரவில் குறையில்லை என்றார். அவன் தலையசைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினான். அன்று பிற்பகல் திருத்திய கோப்புகள் அனைத்தையும், திருத்துமுன் இருந்த மதிப்புகளோடு, தனிக் கோப்புறையில் தேதியிட்டுச் சேமித்துவைத்தான். அப்படிச் செய் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மூத்தவளுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. அதே நிரல் பல ஆண்டுகளாக அதே சர்வரில் ஓடிவந்திருக்கிறது. சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகளின் படங்கள் சிலவும் அங்கிருந்தே போயிருக்கின்றன. பழைய கோப்புறைகளைத் திறந்து, படக்கோப்பு ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் உருவானது என்று பட்டியலிடத் தொடங்கினாள். பகல் நேரத்தவற்றைக் கடந்துசென்றாள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்டவை முதல் கோப்புறையிலேயே பதினொன்று இருந்தன.