போணியும் ஷார்ட்டும்

காலை ஆறே முக்காலுக்கு வந்த முதல் ஆள் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு கைப்பேசியை நீட்டினார். கல்லாவின் மேலிருந்த சின்னப் பெட்டி பெண்குரலில் தொகையைச் சொன்னது. அண்ணாச்சிக்கு மனம் ஆறவில்லை. சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பத்து ரூபாய்த் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கல்லாவுக்குள் போட்டார்.

"பெட்டி கத்துனா போணி ஆயிருமா சார்? துட்டு கையில படணும்லா" என்றார்.

மதுரைக் கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளிலிருந்து சற்றுத் தள்ளி, குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் மளிகைக் கடை அது. அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடையில் பாதி பழைய கவுண்ட்டர், மூட்டைகள், தராசு. மீதிப் பாதியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு இடித்துக் கட்டி, கண்ணாடிக் கதவு வைத்து, நாமே எடுத்துக்கொள்ளும் அடுக்குகள் போட்டிருக்கிறார். வேலைக்கு ஏழு பேர். நான் மூன்று நாள் அங்கே நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உட்கார இடமில்லை.

போனதற்குக் காரணம் என் தங்கை மகள். பெரிய அங்காடி ஒன்றில் வேலை கிடைத்து, பயிற்சிக்கென்று கொடுத்த சொற்பட்டியலை வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஸ்டாக் ரொட்டேஷன், ஃபேசிங், மார்ஜின், ஷ்ரிங்கேஜ். பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். இந்தச் சொற்களுக்குக் கையும் காலும் முளைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஃபேசிங்குக்குக் கை இருந்தது. அடுக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு இருபது வயது இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முழங்கை வரை கையை விட்டுப் பின்னால் கிடப்பதை முன்னுக்கு இழுத்து, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைக்கிறான். "பல்லு வரிசை மாதிரி சார். ஒண்ணு விழுந்தா சிரிக்கிறப்பவே தெரிஞ்சிரணும்." புதுச் சரக்கு வந்தால் பழசை எல்லாம் வெளியே எடுத்து, புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வைக்கிறான். ஸ்டாக் ரொட்டேஷன் என்ற சொல்லை அவன் கேள்விப்பட்டதில்லை. "பழசு முன்னால, புதுசு பின்னால", அவ்வளவுதான். விவரம் தெரிந்த வாடிக்கையாளர்கள் பின்னாலிருந்து எடுப்பது அவனுக்கும் தெரியும். நான் வீட்டுக்குத் தயிர் வாங்கும்போது அப்படித்தான் எடுப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

தேதி முடிந்தவை தனி அட்டைப்பெட்டிக்குப் போகின்றன. கம்பெனி ஆள் வரும்போது சிலவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்வார், சிலவற்றுக்குக் கையை விரிப்பார். விரித்தது அண்ணாச்சி தலையில்.

மேலடுக்குக்கு எட்ட அவனுக்கு ஒரு ஸ்டூல் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரப் பணியாளர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கியது அது. இந்தக் கடையில் ஸ்டூல் இருக்கிறது. ஏறி நிற்கத்தான் நேரம் இருக்கிறது.

மார்ஜினை அண்ணாச்சியே விளக்கினார். 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம் என்று கேட்டார். 25 என்றேன். "அது போட்ட துட்டுக்குக் கணக்கு. வித்த துட்டுக்கு 20. நம்ம ஆளுக 25-ன்னு நெனச்சு வாடகைக்குக் கையெழுத்துப் போட்டு முங்கிப் போறான்." வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் விற்ற பணத்திலிருந்துதானே போகிறது. அடுத்து ஸ்கீம். பன்னிரண்டு பெட்டி சோப்பு எடுத்தால் ஒன்று சும்மா. பதின்மூன்றில் ஒன்று, அதாவது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பதின்மூன்று பெட்டியும் விற்றுத் தீரும்வரை காசு சோப்பாகவே கிடக்கும். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம் என்ற விதி 1990-இல் வந்தது. அதற்கு முன் 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிட்டிருந்த காலத்தில், அந்தத் தனி எவ்வளவு என்பதைக் கடைக்காரர் வாய்தான் தீர்மானித்தது. "அது நமக்கு நல்ல காலம்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

மூலையில் அரிசிச் சிப்பங்கள். 26 கிலோ என்று போட்டிருந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள, பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஒரு கிலோ கடையில் வேலை செய்பவரின் முதுகில்தான் ஏறுகிறது. மாடிக்குத் தூக்கிப் போய்ப் போடுபவரிடம் கேட்டேன். "ஒரு கிலோதானே சார்" என்றார்.

எனக்குப் பிடித்த இடம் பழைய கவுண்ட்டர். அங்கே ஒரு பெரியவர், நாற்பது ஆண்டுகளாகப் பொட்டலம் கட்டுபவர். எலெக்ட்ரானிக் தராசில் தாளை வைத்து எடையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிறார். தாளின் எடை வாடிக்கையாளர் கணக்கில் போகக்கூடாது. கரண்டியால் ஒரே அள்ளு. எண் 98-லோ 101-லோ வந்து நிற்கிறது. விரல் நுனியால் ஒரு கிள்ளு போடுகிறார் அல்லது எடுக்கிறார். 100. தாளை மடித்து, நுனியைச் செருகி, தலைக்கு மேல் தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து நீளத்தில் ஒரு சுற்று, குறுக்கே இரண்டு சுற்று, விரலில் வளைத்துச் சுண்டினால் நூல் அறுகிறது. கத்தரியே கிடையாது. 2019-இல் பிளாஸ்டிக் தடை வந்தபோது மற்றவர்கள் விழித்தார்களாம், இவர் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தாராம்.

நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். கொத்தமல்லி விதை அடிமூலை வழியாகத் தரையெல்லாம் ஓடியது. "பயப்படாதீங்க, கழிவுல எழுதிக்கலாம்" என்றார்.

ஷ்ரிங்கேஜுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கழிவு. அதில் என் கொத்தமல்லி மட்டும் இல்லை. பங்குனியில் வாங்கிய புதுப்புளி காயக் காய எடை குறையும். மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து சாக்கு குடித்துவிடும். எலி, எறும்பு, தவறாகப் போட்ட பில், யாரோ மடியில் செருகிப் போன ஷாம்பு, எல்லாம் ஒரே நோட்டில். புளி தின்ற எடையையும் திருடன் தின்றதையும் நோட்டு பிரித்துப் பார்ப்பதில்லை. கழிவு முதலாளியைச் சேர்ந்தது. ஆனால் அதே கடையில் இன்னொரு சொல் இருக்கிறது. அது யாரைச் சேர்ந்தது என்பதை மூன்றாம் நாள் இரவில்தான் பார்த்தேன்.

கல்லாவில் இருப்பவர் நாற்பது வயதுப் பெண். எல்லோருக்கும் அக்கா. அன்று மாலை டீ குடித்து வரும்வரை என்னைக் கருவியைப் பிடிக்கச் சொன்னார். பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று நினைத்திருந்தேன். எண்ணை இந்தியாவில் பதிந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். பதின்மூன்று இலக்கத்தில் கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிட்டுப் போட்டது. அழிந்த கோட்டைக் கருவி தப்பாகப் படித்தால் கணக்கு இடிக்கும், பீப் வராது. கருவி அப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும். மீதிச் சில்லறை கொடுக்கும் கைக்கு அப்படி ஒரு இலக்கம் இல்லை.

இரவு பத்தரைக்குக் கல்லாவைக் கட்டினார்கள். அக்கா தாள்களை இனம் பிரித்து எண்ணி, பில் தொகையோடு ஒப்பிட்டார். மறுபடி எண்ணினார். 40 ரூபாய் ஷார்ட்.

மிகுந்தால் என்ன செய்வீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த திருச்செந்தூர் முருகன் உண்டியலைக் காட்டினார். குறைந்தால்? அக்காவின் சம்பளத்தில் பிடிப்பு. பணத்துக்குப் பொறுப்பான ஊழியரின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பைத்தான் பிடிக்கலாம், அதற்கு முன் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டமே சொன்னது. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் புடவையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பணமும் கொடுப்பவர் என்று அக்காவே சொன்னார். ஷார்ட் என்று வந்தால் மட்டும் அவருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

நான் கல்லாவில் இருந்தது இருபது நிமிடம். ஒருவருக்கு 60-க்குப் பதில் 100 கொடுத்தேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பையிலிருந்து நாற்பது ரூபாயை எடுத்தேன்.

"வைங்க சார் உள்ள" என்றார் அக்கா. "கல்லாச் சாவி என் இடுப்புல இருக்கு. உங்ககிட்ட விட்டுட்டுப் போனதும் நாந்தானே."

நோட்டைத் திறந்து தேதி போட்டு, தன் பெயருக்கு நேரே 40 என்று எழுதினார். பையன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஷட்டரின் மேல்கொக்கியை எடுத்துவிடப் போனான்.